வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் கூரை போட ஆள் அமர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். வீடு கட்டிக் குடியேறி ஓரிரு கோடை கழிந்ததும் பலர் திரும்பி வருகிறார்கள். வாசலில் நிழல் இல்லை, வண்டி வெயிலில் காய்கிறது, மாடியில் கால் வைக்க முடியவில்லை என்று தொடங்கும் பேச்சு, கூரையை யாரிடம் கொடுப்பது, என்ன கேட்டு வாங்குவது என்பதில் வந்து நிற்கும். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாலு கால் நட்டு மேலே ஷீட் போடுவதற்கு இன்ஜினியர் எதற்கு? வெல்டிங் பட்டறைக்காரரே போட்டுவிட மாட்டாரா?

போட்டுவிடுவார். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப் போடப்பட்டவைதான். வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடி அளவில், இரண்டு கால் முன்னாலும் இரண்டு கால் பின்னாலும் வரும் சாதாரணக் கூரைக்கு, பத்துப் பன்னிரண்டு கூரை போட்டு அனுபவப்பட்ட பட்டறைக்காரரே போதும். அவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு போட்ட கூரை ஒன்றை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். போன மாதம் போட்டதைக் காட்டினால் அதில் பெயிண்ட் மட்டும்தான் தெரியும்.

காலுக்கும் காலுக்கும் நடுவே பதினைந்து அடிக்கு மேல் போகும்போதும், ஒரு பக்கம் கால் இல்லாமல் அந்தரத்தில் நீட்டும்போதும், கூரை மொட்டை மாடியில் வரும்போதும், பிற்பாடு அதன் மேல் சோலார் வைக்கும் எண்ணம் இருக்கும்போதும் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போவதே முறை. வரைபடம் கையில் இருந்தால் மூன்று பட்டறைகளில் ஒரே வேலைக்கு விலை கேட்க முடியும் என்பது கூடுதல் பயன்.

ஷீட் இவ்வளவு லேசாக இருக்கிறதே, அதற்கு எதற்கு இவ்வளவு இரும்பும் கான்கிரீட்டும்?

ஷீட் லேசாக இருப்பதுதான் சிக்கல். இந்த மாதிரிக் கூரை பாரம் தாங்காமல் கீழே விழுவது அரிது. காற்றில் மேலே கிளம்புவதுதான் வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் பறிப்புக்குச் சற்று முன்னே மாலை நேரத்தில் கிளம்பும் சூறைக்காற்றையும் ஆலங்கட்டி மழையையும் இம்மாவட்டங்களில் தெரியாதவர் இல்லை. மூன்று பக்கம் திறந்து, ஒரு பக்கம் வீட்டுச் சுவர் இருக்கும் கூரைக்குள் அந்தக் காற்று நுழைந்தால், சுவரில் மோதி வெளியேற வழியின்றி ஷீட்டைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று ஷீட்டை உறிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். காற்றின் அழுத்தத்தைக் கணிக்க இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் ஒரு வாய்பாடு இருக்கிறது. அதன்படி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 200 சதுர அடிக் கூரை என்றால் சுமார் 550 கிலோ. அதே 200 சதுர அடிக்கு அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடை நூறு கிலோவைக்கூட எட்டாது. மீதி விசையைச் சட்டத்தின் எடையும், ஸ்க்ரூவும், வெல்டிங்கும், காலடியில் உள்ள கான்கிரீட்டும் சேர்ந்துதான் பிடித்து நிறுத்த வேண்டும்.

அதனால்தான் குழியின் அளவைக் கேளுங்கள் என்கிறேன். ஓர் அடி நீள, அகல, ஆழக் குழியில் இறங்கும் கான்கிரீட் சுமார் 68 கிலோ. நான்கு காலுக்கும் சேர்த்து 270 கிலோ சொச்சம். ஒன்றரை அடிக் குழி என்றால் ஒரு காலுக்கே சுமார் 230 கிலோ. அரையடி கூடுதலாகத் தோண்டுவதற்கு ஆகும் கூலி சொற்பம், கிடைக்கும் பிடிமானமோ மூன்று மடங்குக்கு மேல். கூரைக்கு ஆகும் மொத்தச் செலவில் இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை என்பது என் கருத்து.

எந்த ஷீட் நல்லது?

இடத்தையும் உபயோகத்தையும் பொறுத்தது. வண்டி நிறுத்தவும் மாடியை மூடவும் கால்வால்யூம் ஷீட், அதாவது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள இரும்புத் தகடு, அதன் மேல் வண்ணம் பூசியது, பெரும்பாலோருக்குப் போதும். வெளிச்சம் குறையக் கூடாத வாசலுக்குப் பாலிகார்பனேட் பொருந்தும். யு.பி.வி.சி. ஷீட் துருப்பிடிக்காது, மழைச் சத்தமும் குறைவு. ஆனால் பர்லின் கம்பிகளை, அதாவது ஷீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடி அதைத் தாங்கும் கம்பிகளை, நெருக்கமாக வைக்காவிட்டால் நாளடைவில் தொய்யும். மங்களூர் ஓடு அழகு, நிழலும் நல்ல நிழல்; அதன் எடைக்கு ஏற்ற சட்டமும் சாய்வும் வேண்டும் என்பதால் செலவு கூடும். ஓசூர், ஒகேனக்கல் பக்கம் குரங்குத் தொல்லை உள்ள தெருவாக இருந்தால் ஓட்டை மறந்துவிடுவது நல்லது.

பாலிகார்பனேட்டில் ஒன்றைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பொதுவாக ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். படலத்தை முதலில் உரித்துவிட்டுப் பிறகு ஷீட்டை ஏற்றுபவரிடம் அந்த அடையாளம் தொலைந்துபோகிறது. மாற்றிப் போட்ட ஷீட் விரைவில் மஞ்சளித்து, நொறுங்கத் தொடங்கும். இன்னொன்று, பத்தடி நீளப் பாலிகார்பனேட் ஷீட் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூ துளையைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும்.

ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் மலிவு என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

தகரம் போட்டால் கீழே உட்கார முடியாத அளவுக்குச் சூடாகும் என்கிறார்களே?

ஓசூரில் ஒருவேளை சமாளிக்கலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரி நகரத்திலும் சித்திரை வெயிலில் அது உண்மைதான். சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் இரண்டு: வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுப்பது, உயரத்தைக் கூட்டுவது. தாழ்ந்த பக்கமே ஒன்பது அடி இருந்து, மேட்டுப் பக்கம் சூடான காற்று வெளியேற இடைவெளி விட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். உயரம் கூடினால் காற்று விசையும் சாரலும் கூடும் என்பதால் மேலே சொன்ன குழி அளவில் கஞ்சத்தனம் கூடாது.

நாள் முழுவதும் உட்காரும் இடம் என்றால் பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பியது, நல்ல தேர்வு. மழைச் சத்தத்தையும் அதுவே அடக்கிவிடும். நிறமற்ற பாலிகார்பனேட்டை வெயிலுக்கு நேராகப் போட்டுவிட்டு அதன் கீழே குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

கிலோ கணக்கில் பேசுவதா, சதுர அடி கணக்கில் பேசுவதா?

இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் ஒரு கண்ணி உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால், பட்டறைக்காரருக்கு மெல்லிய குழாயைப் போடுவதில் லாபம். இரும்பு கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால், தேவைக்கு மேல் கனமாகப் போடுவதில் லாபம். நேர்மையானவர் இரண்டு கணக்கிலும் நேர்மையாகத்தான் இருப்பார். ஆனாலும் ஒப்பந்தத்தை ஆளின் நேர்மையை மட்டும் நம்பி எழுதக் கூடாது.

சதுர அடியில் பேசினால் குழாயின் அளவு, கனம், பர்லின் இடைவெளி, ஷீட்டின் கனம் நான்கையும் எழுதி வாங்குங்கள். கிலோவில் பேசினால் மொத்த எடைக்கு ஒரு மேல்வரம்பு வைத்து, எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள். சதுர அடியை எதை வைத்து அளக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தரையில் விழும் நிழலின் பரப்பா, சாய்வாகக் கிடக்கும் ஷீட்டின் பரப்பா, வெளியே நீட்டும் இறவாரமும் சேருமா என்பதில்தான் கடைசி நாள் சண்டைகள் பாதி வருகின்றன.

இரண்டு மில்லிமீட்டர் குழாய் என்று சொல்லி மெல்லியதைப் போட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

தூக்கி நிறுத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், இருபது அடி நீளம், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். அதே குழாய் 1.6 மில்லிமீட்டர் கனத்தில் பதினான்கரை கிலோவைச் சுற்றித்தான் வரும். பழைய பேப்பர் கடைத் தராசு ஒன்று போதும், வாதம் முடிந்துவிடும். இதைச் சரக்கு இறங்கும் நாளிலேயே செய்ய வேண்டும். வெட்டி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்த பிறகு யாரும் எடை போட விடமாட்டார்கள்.

ஷீட்டில் ஏமாற்று வேறு மாதிரி. 0.50 மில்லிமீட்டர் என்று சொல்வது பூச்சும் வண்ணமும் சேர்த்தா, உள்ளே உள்ள இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். இரண்டும் விற்பனையில் உண்டு, விலையும் வேறு. ஷீட்டின் அடிப்புறத்தில் தயாரிப்பாளர் பெயரும் கனமும் அச்சிட்டிருந்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சாய்வு வேண்டும்? தட்டையாக இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கிறது.

தகரத்துக்குப் பத்தடிக்கு ஓர் அடி சாய்வு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைத்தால் இரண்டு ஷீட் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் நீர் பின்வாங்கி உள்ளே சொட்டும்; புழுதியும் சருகும் தங்கித் துருவைக் கூப்பிடும். தட்டையாகத் தெரிய வேண்டும் என்றால் முன்பக்கம் ஒரு மறைப்புத் தகடு வைத்து அதன் பின்னால் சாய்வைக் கொடுக்கலாம்.

வழியும் நீர் அண்டை வீட்டு எல்லைக்குள் விழக் கூடாது. கட்டர் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் தகர வாய்க்காலைக் கூரையோடு சேர்த்தே விலை பேசுங்கள். தனியாகப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில் அது வருவதே இல்லை. 200 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரவேண்டியிருந்த மாவட்டங்கள் இவை. ஃப்ளோரைடு கலவாத நீர் கூரையிலேயே இறங்கும்போது அதைத் தெருச் சாக்கடைக்கு விடுவானேன்? முதல் சில நிமிட நீரை வெளியே விட்டுவிட்டு மீதியைச் சம்ப்புக்குத் திருப்ப ஒரு வால்வு போதும்.

மொட்டை மாடியில் கைப்பிடிச்சுவர் மேலேயே கால் வைத்தால் செலவு குறையும் என்கிறார். சரியா?

கூடாது. நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச்சுவர் ஆள் விழாமல் தடுக்க வைத்தது. கூரையைக் காற்று பிடுங்கும்போது சுவரின் மேல் வரிசைச் செங்கலும் சேர்ந்து பெயர்ந்துவிடும். கால்கள் கீழ்த்தளத்தின் ஆர்.சி.சி. தூணுக்கோ உத்தரத்துக்கோ நேர் மேலே வரவேண்டும். உங்கள் வீட்டின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சன்ஷேடின் மேல் கால் வைப்பதும் இதே தவறுதான்.

அடுத்தது, தளத்தைத் துளையிடுவது. மாடியில் தட்டோடு பதித்து நீர் இறங்காமல் செய்திருப்பார்கள். அதைக் கண்ட இடத்தில் துளைத்து போல்ட் இறக்கினால், கூரை போட்ட பிறகும் கீழ் அறையில் ஈரம் கசியும். கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டை வெட்டி எடுத்து, கான்கிரீட்டில் துளையிட்டு கெமிக்கல் ஆங்கர் எனும் பசையோடு போல்ட்டை நிறுத்தி, சுற்றிலும் அரையடி உயரக் கான்கிரீட் மேடை கட்டி, ஓரத்தை நீர்த்தடுப்புப் பூச்சால் மூட வேண்டும். இந்த வேலைக்கு மேஸ்திரி தனி, வெல்டர் தனி. யார் எதைச் செய்வது என்பது தாளில் இருக்கட்டும்.

நம் ஊரில் கல் தூண் மலிவாகக் கிடைக்கிறது. இரும்புக் காலுக்குப் பதிலாக அதை நட்டால் என்ன?

நடலாம். துருப்பிடிக்காது, கரையான் அண்டாது, வாசலுக்குக் கம்பீரமும் கூட. கருங்கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். பக்கவாட்டில் வளைத்தால் முன்னறிவிப்பில்லாமல் ஒடியும். எனவே மெல்லிய வேலிக் கல்லைக் கூரைக்குப் பயன்படுத்தக் கூடாது. முக்கால் அடிச் சதுரத்துக்குக் குறையாத தூணாக எடுத்து, இரண்டரை அடியாவது மண்ணுக்குள் இறக்கிக் கான்கிரீட் போட வேண்டும். தூண் தலையில் துளையிட்டு போல்ட் பதிக்கும் வேலையைக் கல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். விளிம்புக்கு மிக அருகே துளைத்தால் சில்லு தெறித்துவிடும்.

தோண்டும்போது ஓரடியிலேயே பாறை வந்தால் பலர் அதோடு நிறுத்திக் கான்கிரீட்டை மேலாகக் கொட்டிவிடுகிறார்கள். பாறை நல்ல செய்திதான், ஆனால் பாறையைத் துளைத்து முறுக்குக் கம்பியைப் பதித்து அதோடு கான்கிரீட்டைப் பிணைத்தால் மட்டுமே. சும்மா மேலே உட்கார்ந்த கான்கிரீட்டுக்கு அதன் எடையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா? தெருவில் யாரும் வாங்கியதாகத் தெரியவில்லையே.

தெருவில் யாரும் வாங்காததை அதிகாரி உங்களுக்குச் சலுகையாகக் கொள்ளமாட்டார். மாநிலம் முழுவதற்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். வீட்டைச் சுற்றிக் காலியாக விடவேண்டிய இடத்தில் நிரந்தரத் தூண் எழுப்புவதும், மாடியை முழுதாக மூடி அறைபோல ஆக்குவதும் கேள்விக்கு உள்ளாகும். சொத்து வரியும் மாறக்கூடும். ஓசூரில் மாநகராட்சி, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நகராட்சி, மற்ற இடங்களில் பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில், கையால் வரைந்த ஒரு படத்தோடு போய் முன்னமே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு முன்னால் கரண்ட் கம்பி போகிறது. ஷீட் தகரம் என்பதால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. தெருவில் போகும் குறைந்த அழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி குறைந்தபட்சம் வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர். இவை கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டியவை. இருபது அடிக் குழாயை நிமிர்த்தும்போதுதான் ஆபத்து மிகுதி; வேலை நாளில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பது? பாதிக்கு மேல் கேட்கிறார்.

இரும்பு வாங்க அவருக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. நான் சொல்வது: பேச்சு முடிந்ததும் முப்பது விழுக்காடு, சரக்கு உங்கள் வாசலில் இறங்கி எடை பார்த்த பிறகு நாற்பது, வேலை முடிந்ததும் இருபது, மீதிப் பத்து முதல் பெருமழைக்குப் பிறகு. கடைசிப் பத்துக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒழுகாது என்று அவரே வாயால் சொன்ன உறுதியைத்தானே நாம் கேட்கிறோம்.

ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்பதையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். இந்த வகை வேலைக்கு 18 விழுக்காடு என்பதால் கடைசியில் சேர்த்தால் தாங்காது. பில் இல்லாமல் போனால் விலை குறையும், கடைசிக் கேள்வியில் சொல்லப்போகும் வழியும் கடினமாகும்.

பெயிண்ட் எத்தனை கோட்?

துருவைத் தேய்த்து எடுத்த பிறகு ரெட் ஆக்ஸைடு பிரைமர், அதன் மேல் எனாமல் இரண்டு கோட். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு அதுவே பெயிண்ட் என்று போகிறவர்கள் உண்டு. வெல்டிங் வைத்த இடங்களில் கசடைத் தட்டி எடுத்த பிறகுதான் பிரைமர் ஏற வேண்டும், இல்லையெனில் துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஷீட் ஏறுவதற்கு முன் சட்டத்தின் மேல்பக்கத்தையும் பூசிவிடச் சொல்லுங்கள். பிறகு தூரிகை அங்கே நுழையாது.

பின்னால் இதே கூரை மேல் சோலார் வைக்கலாமா?

முன்பே சொல்லிவிட்டால் வைக்கலாம். பேனலும் அதன் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ கூடும். அதைவிட முக்கியம், இரண்டாவது கேள்வியில் சொன்ன காற்று விசை இப்போது ஷீட்டை மட்டுமன்றிப் பேனலையும் பிடித்து இழுக்கும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் தேவை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் அது சோலார் அமைப்புக்கு. உங்கள் கூரைக்கு அல்ல.

காற்றில் ஷீட் பிய்ந்துவிட்டது. போட்டவர் போனை எடுக்கவே இல்லை. என்ன செய்வது?

முதலில் அப்படியே படம் எடுங்கள்: ஸ்க்ரூ கழன்றதா, ஷீட் கிழிந்ததா, கால் பெயர்ந்ததா என்பது தெரியும்படி. பிறகு என்ன குறை, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த அஞ்சல் கிடைத்ததுமே போன் வரும்.

வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அங்கே கேட்கப்படுவது பில், எழுதி வாங்கிய எஸ்டிமேட், பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, படங்கள். எஸ்டிமேட்டில் குழாயின் கனமும் குழியின் ஆழமும் எழுதியிருந்தால், வேறொரு பொறியாளரை அழைத்து அளந்து காட்டலாம்.